புறங்கையில் பார்த்த சூடு

சலவைக் கூடத்துப் பெண்கள் அந்த வயர்மேனுக்கு வைத்த பெயர் புறங்கை அண்ணன். எந்த ஸ்விட்ச் பெட்டியைக் கண்டாலும் மூடிமேல் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார்.

“என்ன அண்ணே, மெஷினுக்குக் காய்ச்சலா?” என்பாள் இஸ்திரி போடுகிறவள்.

“இன்னும் தும்மலே வரலம்மா.”

மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருடம். பிள்ளைகள் இல்லை. அவரோடு யாராவது வாய்விட்டுப் பேசினால் அது அந்தக் கூடத்தில்தான்.

துணி உலர்த்தும் புது மெஷினுக்கு லைன் இழுத்து முடித்த அன்று சாயங்காலம், மிச்சத் திருகாணிகளை, கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர் வந்த அட்டைப்பெட்டியில் போட்டார். பெட்டியின் பக்கத்தில் அறுபது டிகிரி என்றிருந்தது. கை நின்றுவிட்டது.

கம்பிமேல் தொண்ணூறு டிகிரி என்று அச்சிட்டிருந்ததை நம்பி, ஆறு எம்.எம். கம்பியே போதும் என்று போட்டிருந்தார். ஆனால் அந்தக் கம்பியைத் திருகிப் பிடிக்கிற பிரேக்கர் முனை அறுபதுதான் தாங்கும். கம்பிக்கு ஒன்றும் ஆகாது, முனைதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். அவ்வளவு சூடேறாத தடித்த கம்பி, பத்து எம்.எம்., போட்டிருக்க வேண்டும்.

மனைவிக்கு இருந்தவரை முழங்கால் வலி. இருவரும் சேர்ந்து போனால் அவள் நடைதான் இவர் நடையும். முப்பது வருடம் அப்படி நடந்த மனுஷனுக்கு, தாங்காத பக்கத்தைப் பார்த்துத்தான் கம்பி போட வேண்டும் என்று எப்படித் தோன்றாமல் போனது?

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் அந்த ஒரு வாசலும் அடைபடும். அன்று ராத்திரி சாமி முன்னால் உட்கார்ந்தார். கேட்பதற்கு ஒன்றுமில்லை, பதில் அவருக்கே தெரியும்.

விடிந்ததும் போய் மெஷினை நிறுத்தினார்.

“நேத்து நல்லாத்தானே ஓடிச்சு?” என்றாள் முதலாளியம்மா.

“ஓடும்மா. ஆறு மாசம்கூட ஓடும். அப்புறம் தீப்பிடிக்கும். தப்பு என்னுது.”

“லீவு நாள்ல வந்து மாத்திக் குடுத்துட்டுப் போங்க. இனிமே வேற ஆளப் பாத்துக்கறேன்.”

வெளியே வந்தவரை இஸ்திரி போடுகிறவள் மடக்கினாள். “நீங்களா போய் ஏண்ணே வாயக் குடுத்தீங்க?”

“நீ நிக்கிற எடத்துக்குப் பின்னாலதாம்மா அந்த ஸ்விட்ச் பெட்டி.”

அவள் திரும்பிக் கூடத்துக்குள் பார்த்தாள்.

லீவு நாளில் கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. பத்து எம்.எம். கம்பி விறைப்பாக இருக்கும்; அது போகும் குழாயின் ஒரு முனையில் ஒருவர் தள்ள, மறுமுனையில் ஒருவர் இழுக்க வேண்டும். அவர் இங்கே தள்ளிவிட்டு, அங்கே போய் இழுத்து, மறுபடி இங்கே வந்தார். மத்தியானம் ஆகிவிட்டது.

ஈரத் துணியைப் போட்டு ஒரு மணி நேரம் மெஷினை ஓட்டினார். மூடிமேல் புறங்கையை வைத்தார். இதமாகத்தான் இருந்தது.

“காய்ச்சல் இல்லம்மா,” என்றார், ஆளில்லாத இஸ்திரி மேஜையைப் பார்த்து.

சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, முழங்கால் வலிக்காரியோடு போகிற அதே நடையில் வீட்டுக்குப் போனார்.