முதலாளியின் குறட்டை

என் வீட்டுக்காரருக்குக் கண் கொஞ்சம் மங்கல். காது மட்டும் பாம்புக் காது. ஃபேன், மிக்ஸி, வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்றவர். வீட்டு முன்னறைதான் பட்டறை. மோட்டாரை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரோட முனையை அதுமேல வெச்சு, கைப்பிடியைக் காதுல ஒட்டிக்குவார். கண்ணை மூடி ரெண்டு நிமிஷம். "பேரிங் போகுது"ன்னா பேரிங்தான். கழட்டிப் பார்க்கவே வேண்டாம். பேச்சு மட்டும் அளந்துதான் வரும்.

இப்படி ஒரு காது இருந்தா கட்டினவளுக்குப் பெருமைன்னு நினைப்பீங்க. பெரிய தலைவலி! போற இடத்துல சும்மா இருக்க மாட்டார். என் அக்கா வீட்டுல புது ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தாங்க. தண்ணி எடுக்கப் போனவர் அங்கேயே நின்னு, "கம்ப்ரஸர் சத்தம் சரியில்லையே, ஆறு மாசம் தாங்காது"ன்னுட்டார். அத்தான் முகம் சுருங்கிப் போச்சு. அஞ்சாம் மாசம் ஃப்ரிட்ஜும் நின்னுபோச்சு. அக்கா போன் பண்ணி, "உன் புருஷனுக்குக் கருநாக்குடீ, சொன்னது பலிச்சுடுது. இனிமே என் வீட்டுப் பொருளைப் பத்தி வாயைத் திறக்க வேண்டாம்னு சொல்லு"ன்னு பொரிஞ்சு தள்ளிட்டா. அவமானத்துல எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. அன்னிக்கே இவரை உட்கார வெச்சு, "கேட்டா மட்டும் சொல்லுங்க. கேக்காம வாயைத் திறந்தீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்"னு ஒரு சட்டம் போட்டேன். "சரிம்மா"ன்னார்.

எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. ஒரு பூனை இருந்தது. மழைக்கு ஒதுங்கி வந்தது, அப்படியே தங்கிடுச்சு. பட்டறையில காலி ஃபேன் பெட்டிக்குள்ள உட்கார்ந்துகிட்டு வர்றவங்களை மேலும் கீழும் பார்க்கும். அதனால அதுக்குப் பேர் முதலாளி. தின்னு தின்னு பூசணிக்காய் மாதிரி ஆகி, பட்டப்பகல்ல மல்லாந்து படுத்துக் குறட்டை விடும். மிக்ஸியைத் தூக்கிட்டு வந்த ஒருத்தர், "உள்ள யாருங்க, மாமனாரா?"ன்னு மெதுவா கேட்டார். நாங்க சிரிச்ச சிரிப்புல முதலாளியே முழிச்சுக்கிச்சு.

பூனைக்குத் தடுப்பூசி போடப் போனப்ப இவரே டாக்டரம்மாகிட்ட கேட்டார். "இது குறட்டை விடுதுங்களே, பயப்படணுமா?"

"குண்டா இருக்கு, மல்லாந்து தூங்குது, அதான். நல்லா சாப்பிட்டு, ஓடியாடி எப்பவும் போல இருக்கிற வரைக்கும் பயம் இல்லை. சத்தம் மாறினாலோ, முழிச்சிருக்கும்போதும் கேட்டாலோ, சாப்பாடு குறைஞ்சாலோ உடனே கூட்டிட்டு வாங்க"ன்னாங்க. நானும் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன். என் ரெண்டு காதாலயும் கேட்டேன்.

அது முடிஞ்சு ஒரு வருஷம் இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டிருந்தோம். முதலாளி ஜன்னலோரம் தூங்குது. எடுத்த கவளத்தை வாயில போடாம இவர் அப்படியே நிறுத்தினார். அந்த முகம் எனக்குத் தெரியும்.

"ஏம்மா, இது பழைய சத்தம் இல்லையே. ஒரு பக்கம் காத்து போகலை. உள்ள ஏதோ அடைச்சிருக்கு."

எனக்கு அந்த ஃப்ரிட்ஜ்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. இவர் சொன்னா பலிச்சுடுமே! "வாயைக் கழுவுங்க! நல்லா இருக்கிற ஜீவனைப் பார்த்து என்ன பேச்சு இது? கேட்டேனா நான்?"

"இல்லம்மா, டாக்டரம்மா சொன்னாங்களே..."

"இன்னொரு வார்த்தை பேசினீங்க, தட்டைத் தூக்கி எறிஞ்சுடுவேன்."

பூனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாப்பாட்டைப் பாதியில வெச்சுட்டுக் கை கழுவப் போயிட்டார்.

இப்ப நினைச்சா என்னையே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருக்கு. அவர் சொல்றதாலயா நோய் வரும்? வந்திருந்ததை அவர் கேட்டார், அவ்வளவுதான். இது ஒரு சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். பயந்தவளுக்குப் புரியலை. அதுக்கப்புறமும் ரெண்டு தடவை, "முதலாளிக்கு..."ன்னு ஆரம்பிச்சார். நான் முறைச்ச முறையில அதோட நிறுத்திக்கிட்டார். வேலைக்கு நடுவுல எழுந்து வந்து, பூனை பக்கத்துல குனிஞ்சு நின்னு கேட்டுட்டுப் போவார். அதையும் பார்த்துக்கிட்டு, பார்க்காத மாதிரி இருந்தேன். கல்நெஞ்சக்காரி.

ரெண்டு மாசத்துக்கு மேல போச்சு. முதலாளி மீனை மோந்து பார்த்துட்டுத் திரும்பிப் போக ஆரம்பிச்சது. முழிச்சு உட்கார்ந்திருக்கும்போதே கர்ர் கர்ர்னு இழுத்துச்சு. ஒரு நாள் மூக்குல ரத்தம் கசிஞ்சது. "ஐயோ, வாங்க, வாங்க, டாக்டர்கிட்ட போகலாம்"னு அலறினது நான்தான். அவர் கூடையோட தயாரா வாசல்ல நின்னார்.

எக்ஸ்ரே எடுத்தாங்க, சதை எடுத்துப் பரிசோதிச்சாங்க. மூக்குக்குள்ள கட்டி, எலும்பு வரைக்கும் அரிச்சிருக்காம். "ஆரம்பத்துலயே வந்திருந்தா ஏதாவது முயற்சி பண்ணியிருக்கலாம். இப்ப வலி தெரியாம பார்த்துக்கத்தான் முடியும்"னாங்க டாக்டரம்மா. அவங்களுக்கும் ஆத்திரம். இவரைப் பார்த்து, "நாள் பூரா அதுகூடத்தான் இருக்கீங்க. அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேனே. சத்தம் மாறினது உங்க காதுல விழவே இல்லையா?"ன்னு கேட்டாங்க.

நான் நாற்காலி விளிம்பைப் பிடிச்சுக்கிட்டேன். சொல்லட்டும், என்னைக் கை காட்டட்டும்னு இருந்தேன். சத்தியமா அதுக்குத் தயாராத்தான் இருந்தேன்.

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "பட்டறை இரைச்சல்ல எனக்குக் காது மந்தமாயிடுச்சுங்க"ன்னார்.

டாக்டரம்மா அதை நம்பிட்டாங்க. வயசாச்சுல்ல, காதை ஒருதரம் காட்டிக்குங்கன்னு அறிவுரைகூடச் சொன்னாங்க. அவரும் சரிங்கன்னு தலையாட்டினார். பூனைக்கூடை என் மடியிலதான் இருந்தது, உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்துக்கிட்டே இருந்தது. அப்பக்கூட, "இல்லை டாக்டர், அவர் அன்னிக்கே சொன்னார், நான்தான் விடலை"ன்னு சொல்ல என் வாய் திறக்கலை.