கார் நிற்கும்வரை

அக்குறணையில் என் கடைக்கு டயர் வாங்க வருகிற எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: எவ்வளவு காலம் ஓடும்? நூல் வெளியே தெரியும்வரை ஓட்டிவிட்டு, அதற்குப் பிறகும் “இன்னும் ஒரு மழைக்குத் தாங்கும் தானே?” என்று கேட்கிற ஆட்கள். அவர்களோடு மல்லுக்கட்டியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. அப்படிப்பட்டவனுக்குக் கனடாவில் இருக்கிற தம்பி ஒரு நாள் போன் எடுத்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற நாலு டயரையும் கழற்றி வைத்துவிட்டு வேறு நாலு டயர் பூட்டப்போவதாகச் சொன்னால் சிரிப்பு வராதா?

அந்தி மஃரிப் தொழுதுவிட்டு எல்லாரும் வீட்டில் இருந்த நேரம் அது. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று போனை உம்மாவின் கட்டிலில் வைத்திருந்தேன்.

“என்னத்துக்கு? டயர் வெடிச்சிட்டா?” என்று கேட்டேன்.

“இல்ல நாநா. இது வெயில் காலத்து டயர். குளிருக்கு றப்பர் இறுகிப் போகும். ஸ்னோவுல பிடிக்காது. குளிர் டயர் வேற.”

“வருஷத்துக்கு ரெண்டு தரம் டயர் மாத்துற நாடா? நான்தான் பிழையான ஊருல கட போட்டீக்கிறேன்.”

என் மனைவி சிரித்தாள். உம்மா சிரிக்கவில்லை. “நாலையும் மாத்து மவன். ரெண்ட மட்டும் மாத்தி வைக்காத,” என்றார். டயரைப் பற்றி உம்மாவுக்கு என்ன தெரியும் என்று நான் நினைத்தேன். ஆனால் தம்பி அந்தப் பக்கமிருந்து, “ஓ உம்மா, நாலையும்தான் மாத்தோணும்,” என்றான்.

அது அவனுக்கு இரண்டாவது பனிக்காலம். முதலாவதில் பட்டது போதும் என்றிருந்தது. கண்டிப் பக்கத்து ஆள் என்னென்ன பிழை விடுவானோ அத்தனையையும் அந்த முதல் வருஷமே விட்டு முடித்திருந்தான். இங்கே கண்ணாடி கழுவுகிற தண்ணீர் முடிந்தால் பைப்பைத் திறந்து ஒரு போத்தல் பிடித்து ஊற்றுவோம். அங்கேயும் அப்படியே ஊற்றினான். ஒரே இரவில் அது உறைந்து, தண்ணீர்த் தாங்கி வெடித்துவிட்டது. மேடும் பள்ளமுமான ஊரில் பிறந்தவர்கள் நாங்கள். காரை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கைக் கை வலிக்க இழுத்து, டயருக்கு ஒரு கல்லும் வைத்தால்தான் நித்திரை வரும். அவனும் மேசை மாதிரிச் சமமான இடத்தில் நிறுத்திவிட்டு இழுத்திருக்கிறான். அது குளிரில் அப்படியே இறுகிப் பிடித்து, காலையில் பின் சக்கரம் சுழல மாட்டேன் என்றுவிட்டது. கல் வைக்கவில்லையா என்று கேட்டேன். தேடினானாம், கல்லெல்லாம் பனிக்குள் கிடந்ததாம்.

மூன்றாவது பிழை சிரிக்கக்கூடியது இல்லை. சந்தியில் சிவப்பு விளக்கைக் கண்டதும், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் மிதிக்கிற மாதிரி பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டான். கார் நிற்கவில்லை. பக்கவாட்டாகத் திரும்பி, எதிர்ப்பக்கத்து ரோட்டையும் கடந்து, ஓரத்தில் குவித்திருந்த பனிக் குவியலில் போய்ச் செருகி நின்றது. எதிரே வாகனம் வராதது அல்லாஹ்வின் காவல். அதை அவன் உம்மாவின் காதுபடப் போனில் விவரித்ததுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை.

அன்றிலிருந்து உம்மாவுக்கு அவனிடம் கேட்க இரண்டு கேள்விகள் இருந்தன. “சாப்பிட்டியா? ரோட்டுல ஐஸ் ஈக்கா?” மக்காவைத் தவிர வெளிநாடு காணாத உம்மா, பக்கத்து வீட்டுப் பெண்களுக்குப் பாடம் எடுத்தார். கண்ணுக்குத் தெரியாத ஐஸ் ஒன்று இருக்கிறதாம். ரோடு நனைந்த மாதிரித்தான் தெரியுமாம். பாலத்துக்கு மேலேதான் முதலில் பிடிக்குமாம். அதில் வழுக்கினால் பிரேக்கைத் தொடாமல் காலை எடுத்துவிட்டு, போகவேண்டிய பக்கம் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டுமாம். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர் இதைச் சொல்வதைக் கேட்டு எனக்கு வாய்க்குள் சிரிப்பு வரும். முடிவில், “பதறாத காரியம் சிதறாது,” என்று ஒரு பெருமூச்சு விடுவார். அப்போது சிரிப்பு நின்றுவிடும்.

இரண்டாவது வருஷம் தம்பி தயாராக இருந்தான். உறையாத நீலத் தண்ணீர் ஊற்றினான். பெட்டரியைப் பார்த்துப் புதிதாக மாற்றினான். பெற்றோல் தாங்கி பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை என்றான். டிக்கிக்குள் ஒரு மண்வெட்டி, ஒரு மூட்டை மணல், கம்பளி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பிஸ்கட், தண்ணீர். “கடைக்குப் போறியா, ஹஜ்ஜுக்குப் போறியா?” என்று கேட்டேன். ரோட்டில் மாட்டிக்கொண்டால் ஆள் வரும்வரை உயிரோடு இருக்க வேண்டுமே என்றான். அதையும் அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எங்கள் வீட்டுக் கடைக்குட்டி, ஒரு மெழுகுவர்த்தியை நம்பி ஓட்டுகிற ஊரில் இருக்கிறான்.

அந்தப் பனிக்காலத்தில்தான் உம்மாவின் இருதயம் அவரைக் கைவிடத் தொடங்கியது. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. கண்டி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பிறகு டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது என்றார். அதற்கு என்ன பொருள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

தம்பிக்குச் சொன்னேன். அவன் உடனே லீவு போட்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டான். அவன் இருப்பது வடக்கே ஒரு சின்ன ஊர். விமானம் ஏற வேண்டுமென்றால் பெரிய நகரத்துக்கு மணிக்கணக்காக ஓட வேண்டும். அவன் புறப்படுகிற நாளில் கடும் பனி கொட்டும், அவசியமில்லாதவர்கள் ரோட்டில் இறங்க வேண்டாம் என்று அங்கே அறிவித்திருந்தார்கள். பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்களாம்.

“ஒரு நாள் பொறுத்து வாவன். நாளைக்கு ரோட்ட சுத்தம் செஞ்சிருவாங்க தானே?” என்றேன்.

“நாளைக்கு வந்தா உம்மா ஈப்பாங்களா? நீங்க சொல்லுங்க நாநா. ஈப்பாங்க எண்டு சொன்னா நான் நாளைக்கு வாரேன்.”

உம்மா கண்ணை மூடியபடியே, “வர வேணாம் எண்டு சொல்லு. ரோட்டுல ஐஸ்,” என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் என் மனைவியைக் கூப்பிட்டு, நல்ல வெள்ளை முந்தானை ஒன்றை எடுத்துத் தலையில் போட்டுவிடச் சொன்னார். மகன் வரப்போகிறான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

விடியுமுன், சுபஹ் பாங்குக்கு முன்னால், அவனுக்கு அங்கே பொழுது சாய்ந்த நேரம், வீடியோவில் வந்தான். கார் எது, பனிக் குவியல் எது என்று தெரியவில்லை. நீளத் தும்புத்தடித் துடைப்பம் ஒன்றால் தள்ளித் தள்ளிக் காரைத் தோண்டி எடுத்தான். உம்மாவின் மனம் ஆறட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். “கூரையில உள்ளதயும் தட்டிட்டேன் உம்மா, இல்லாட்டி பிரேக் பிடிக்கக்குள்ள கண்ணாடிக்கு மேல வந்து விழும். லைட்டெல்லாம் துடைச்சிட்டேன். பெற்றோல் நிறைய ஈக்கு. முன்னால போற வாகனத்துக்கும் எனக்கும் நல்ல இடவெளி விட்டுத்தான் ஓட்டுவேன்.” உம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை அசைத்தார். கடைசியாக, “மெதுவா,” என்று ஒரு சொல் சொன்னார். அதற்குப் பிறகு உம்மா எங்களுக்கு விளங்குகிற மாதிரி எதுவும் பேசவில்லை.

வெயில் ஏறத் தொடங்கியபோது உம்மாவின் மூச்சு நின்றது. நான் காலடியில் இருந்தேன். தங்கச்சி உம்மாவின் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அழுகையோடு அழுகையாக எனக்கு வந்த முதல் நினைவு, தம்பி இப்போது எந்த இடத்தில் ஓட்டிக்கொண்டிருப்பான் என்பதுதான்.

எங்களில் ஜனாஸாவை அடக்காமல் வைத்துக்கொண்டிருப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து மகன் வரட்டும் என்று காத்திருக்கிற பேச்சுக்கே இடமில்லை. தங்கச்சியின் மாப்பிள்ளை, “பகல் லுஹர் தொழுகையோட அடக்கிருவோம்,” என்றார். நானும் சரி என்றேன். ஆகவே தம்பி இனி எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் உம்மாவைக் காண மாட்டான். அவனிடம் அதைச் சொல்வதா இல்லையா என்பதுதான் மிச்சம். கண்டி ரோட்டில் கண் கலங்கினால் ஓரமாக நிறுத்தி அழுதுவிட்டுப் போகலாம். பனி கொட்டும்போது அங்கே ரோட்டோரம் நிறுத்தினால், பின்னால் வருகிற லொறிக்குக் கார் நிற்பதே தெரியாது என்று அவன்தான் சொல்லியிருந்தான். ஒரே நாளில் இரண்டு ஜனாஸாவைத் தாங்க என்னால் முடியாது. அதனால் அவன் கார் நிற்கும்வரை சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன்.

மையத்து வீட்டில் நின்று சத்தம் போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். “ஒருத்தரும் வட்ஸ்அப்புல போடக்கூடாது! குரூப்புல போட்டா அடுத்த நிமிஷம் அவன்ட போனுக்குப் போயிரும்!” கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். என் மனைவி ஒரு பிளாஸ்டிக் பேசினை எடுத்துவந்து, வருகிறவர் போகிறவர் எல்லாருடைய போனையும் வாங்கி அதற்குள் போட்டாள். மாமி ஒருவர் கொடுக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். பிடுங்காத குறையாக வாங்கினேன். தங்கச்சியின் மாப்பிள்ளை, கபுறுக்குழி வெட்டவும் சந்தூக்குப் பெட்டி எடுக்கவும் சொல்லப் பள்ளிவாசலுக்குப் போனார். எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது தம்பி அழைத்தான். போனை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து முற்றத்துக்கு ஓடினேன்.

“ஓட்டிட்டா பேசுற?” என்று ஏசினேன். ஏசினால் குரல் நடுங்குவது தெரியாது.

“கார்லயே பேசுற வசதி ஈக்கு தானே நாநா. ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான். ஊர்ந்து ஊர்ந்து போறேன். முன்னால ஸ்னோ தள்ளுற வண்டி ஒண்டு போகுது, அதுக்குப் பின்னாலயே போறேன். உம்மா எப்படி ஈக்கிறாங்க?”

“தூங்குறாங்க.”

“மூச்சு வாங்குறது குறைஞ்சிட்டா?”

“குறைஞ்சிட்டு.” அது பொய்யும் இல்லை. “நீ ரோட்டப் பாத்து ஓட்டு. வண்டிய முந்தப் போகாத.”

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தது. எங்கள் ஊரில் ஒருவர் மௌத்தானால் வீட்டார் பள்ளிக்குச் சொல்வார்கள், பள்ளி ஊருக்குச் சொல்லும். பிறந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகியதால், அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பேசினுக்குள் போனை அடுக்கிவைத்த நாங்கள், வீட்டுக்கு இருநூறு அடிக்குள் நிற்கிற மினாராவை மறந்துவிட்டோம்.

“இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸா அறிவித்தல்…”

போனை நெஞ்சோடு அழுத்தினேன். ஒலிபெருக்கி காலஞ்சென்ற எங்கள் வாப்பாவின் பெயரைச் சொன்னது. அந்த மர்ஹூமின் மனைவி என்றது. என் பெயரைச் சொன்னது, தம்பியின் பெயரைச் சொன்னது, இவர்களின் தாயார் என்றது. வழக்கப்படி எல்லாவற்றையும் இன்னொரு தரம் திருப்பியும் சொன்னது. பாங்கு சொல்கிற அந்த முஅத்தினை அப்போதே போய் அடித்துவிடலாம் போல எனக்குக் கோபம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்.

சத்தம் ஓய்ந்த பிறகு போனைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் வைப்பர் அசைகிற சத்தம் மட்டும் கேட்டது.

“தம்பி?”

“ஈக்கிறேன் நாநா. முன்னுக்குப் பாலம் ஒண்டு வருது. நான் ஓட்டுறதப் பாக்குறேன். போய்ச் சேந்து எடுக்குறேன்,” என்றான். போனை வைத்துவிட்டான்.

அவனுக்குக் கேட்டதா கேட்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்ப அழைத்தால் அவன் கண் ரோட்டை விட்டு விலகும். அழைக்காவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும். முன்னால் போன வண்டி வேறு பக்கம் திரும்பியிருந்தால் என்ன செய்வான் என்று நினைத்தேன். உம்மாவை நினைத்து ஒரு கணம் கண்ணை மூடியிருந்தால் என்றும் நினைத்தேன். வீட்டுக்குள் பெண்கள் உம்மாவைக் குளிப்பாட்டினார்கள். கற்பூரம் மணத்தது. வந்தவர்கள் என் கையைப் பிடித்து, தம்பிக்குச் சொல்லியாச்சா என்று கேட்டார்கள். “ஓட்டுறான்,” என்றேன். கதிரையில் உட்கார்ந்து யாசீன் ஓதினேன். உம்மாவுக்காக ஓதுகிறேனா, அவனுக்காக ஓதுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

கஃபன் துணி சுற்றி முடிந்தது. சந்தூக்கு வந்து முற்றத்தில் நின்றது. முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாரோ சொன்னார்கள். லுஹருக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மறுபடியும் பின்பக்கம் போனேன்.

“நாநா, எயார்போட்டுக்கு வந்துட்டேன்.” குரல் கரகரத்துப் போயிருந்தது. வைப்பர் சத்தம் இல்லை. “கார நிப்பாட்டிட்டேன். எஞ்சினையும் ஓஃப் பண்ணிட்டேன்.”

பின்பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன்.

“பள்ளி ஸ்பீக்கர்ல கேட்டிச்சு. அது ஊருக்குச் சொன்னது நாநா. இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க.”

சொன்னேன்.