மூன்றாம் பேஸ் மட்டும் தெரியும் யன்னல்

சிவனேஸ்வரியின் குசினி யன்னலில் நின்று பார்த்தால் பேஸ்போல் மைதானத்தின் மூன்றாம் பேஸ் தெரியும். அதற்குப் பின்னால் ஒரு துண்டுப் புல், ஒரு விளம்பரப் பலகையின் பாதி. மிச்சத்தை வேலியும் வேலியோரத்து மரங்களும் மறைத்துவிடும். பந்தை அடித்தவன் நாலு மூலையையும் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால்தான் அந்த விளையாட்டில் ஓர் ஓட்டம். அவளுக்குத் தெரிவது அந்த மூலைகளில் மூன்றாவது மட்டும். ஒருவன் மூச்சிரைக்க அங்கே வந்து நிற்பான், தொப்பியைச் சரிசெய்வான், மறுபடி பாய்ந்து மறைவான். அவன் போய்ச் சேர்ந்தானா, வழியில் பிடிபட்டானா என்பதைச் சனங்களின் சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

எழுபத்தாறாம் ஆண்டு ஜூலையில், ஆல்-ஸ்டார் வாரத்தை அவள் இப்படித்தான் பார்த்தாள்.

மற்றச் சனிக்கிழமைகளில் அவள் யன்னலில் நிற்பவள் அல்ல. சிட்னியில், நார்த்மீட்டில், அந்த வீட்டை வாடகைக்கு எடுத்த முதற் குளிர்காலத்திலேயே பின்வளவில் ஒரு பந்து வந்து விழுந்தது. அவள் அதை எடுத்து வேலிக்கு மேலால் இடது கையால் எறிந்தாள். பந்து நேரே போய் எதிரில் நின்ற ஆட்டக்காரனின் கையுறைக்குள் விழுந்தது. வேலிக்கு அப்பால் யாரோ விசிலடித்தார்கள். அடுத்த வீட்டு மார்கரெட், அந்த மைதானத்தில் தேநீர்க்கடை நடத்துபவள், ஓடி வந்து எங்கே பழகினாய் என்று கேட்டாள்.

பழகியது ஆசிரிய கலாசாலையில். அங்கே பெண்கள் எல்லே விளையாடினார்கள். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு மூலை மூலையாக ஓடும் விளையாட்டு. பேஸ்போலை முதன்முறை பார்த்தபோது அவளுக்கு யாரும் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. இடது கைதான் அவளுடைய கை. பள்ளிக்கூடத்தில் அந்தக் கைக்கு அடிமட்டத் தடியால் அடித்து அடித்து, எழுத்தையும் சோற்றையும் வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். பிறவியோடு வந்த ஒரு கையைக் கெட்ட கை என்று தீர்ப்பளிக்க அந்த வாத்தியாருக்கு எந்தப் புத்தகம் அதிகாரம் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லே மைதானத்தில் மட்டும் அந்தக் கைக்கு விடுதலை இருந்தது.

ஆகவே, உள்ளூர் அணியில் பந்தெறியும் கெவினை அவள் விழுந்து விழுந்து ரசித்ததில் வியப்பில்லை. வார நாட்களில் பால் வண்டி ஓட்டுபவன், நெட்டையன், இடது கைக்காரன். அந்தக் கையை யாரும் அடித்துத் திருத்தவில்லை. அது எறிவதைப் பார்க்க ஆட்கள் டிக்கெட் வாங்கினார்கள். மார்கரெட்டின் புருஷன் வேலியில் ஒரு பலகையைக் கழற்றி, தள்ளினால் திறக்கும்படி செய்து கொடுத்தான். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து கணவர் வரதராஜா படுத்ததும், சிவனேஸ்வரி அந்தப் பலகையைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் போவாள். அவளுடைய கிழமை அங்கேதான் தொடங்கும். மற்ற நாட்களில் அவள் எங்கே போவது? எட்டு வருடம் படிப்பித்தவள். அந்தச் சான்றிதழ் இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். கார் ஓட்டத் தெரியாது. கடைக்குப் போவதும் வருவதும், கணவரின் சேர்ட்டுக்கு இஸ்திரி போடுவதும்தான்.

அமெரிக்காவில் ஜூலையில் பெரிய ஆல்-ஸ்டார் ஆட்டம் நடக்கும். அந்தப் பெயரை மேற்குச் சிட்னிச் சங்கத்தார் கடன் வாங்கி, அந்த வருடம் தாங்களும் ஒரு வாரம் கொண்டாடினார்கள். எல்லா அணிகளிலுமிருந்து சிறந்தவர்களைப் பொறுக்கி எடுத்து ஒரே அணியாக்கி, வெளியூர் அணிகளோடு மோதவிடுவது. ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்னிலிருந்து வரும் அணியோடு கடைசி ஆட்டம். இரண்டு மாதமாகச் சிவனேஸ்வரி பாத்திரம் கழுவும்போதும் மனதுக்குள் ஆள் தெரிவு செய்துகொண்டிருந்தாள். கெவினை எடுத்துவிட்டார்கள் என்று மார்கரெட் வேலிக்கு மேலால் சொன்ன அன்று, கையில் இருந்த ஈரச் சீலையை அப்படியே கொடியில் போட மறந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை தேநீர்க்கடையில் விற்கக் கடலைப்பருப்பு வடை சுட்டுத் தருவதாக வாக்கும் கொடுத்தாள்.

அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து தந்தி வந்தது. வரதராஜாவின் பெரியப்பா காலமாகிவிட்டார்.

அந்த மனிதரைச் சிவனேஸ்வரி படத்தில் மட்டும் கண்டிருக்கிறாள். அவளுடைய கலியாணத்துக்கு அவர் வரவில்லை. கையில் தடியோடு மைதானத்தில் ஓடின பெட்டை எங்கள் குடும்பத்துக்கு வேண்டாம் என்று சொல்லி, வாசற்படி மிதிக்காமலே இருந்தவர். உயிரோடு இருந்தபோது அவரால் தடுக்க முடியாததை இப்போது செத்துத் தடுத்துவிட்டார்.

துடக்கு, அந்தச் சாவுத் தீட்டு, முப்பத்தொரு நாள். கடைசி நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும் வரைக்கும் நல்ல இடம், பொது இடம், கொண்டாட்டம் ஒன்றுக்கும் போகக்கூடாது. வீட்டில் மரக்கறி மட்டும். துடக்கு வீட்டுப் பலகாரம் வெளியே போகக்கூடாது. சில சாதிக்குப் பத்து நாள், சில சாதிக்குப் பதினாறு, இவர்களுக்கு முப்பத்தொன்று. சாவு எல்லாருக்கும் ஒன்றுதான். அழுக்கு மட்டும் பிறப்பை விசாரித்து ஒட்டும் போலிருக்கிறது. ஊரில் துடக்கென்றால் முதலில் கோயிலுக்குப் போவதைத்தான் நிறுத்துவார்கள். சிட்னியில் அப்போது போவதற்குக் கோயிலே இல்லை. தடுக்க ஒரு கோயில் அகப்படாத குறைக்கு, இவர்கள் மிச்சம் எல்லாவற்றையும் தடுத்தார்கள்.

தீர்ப்புச் சொன்னவர் கோபாலகிருஷ்ணன் அங்கிள். பென்டில் ஹில்லில் வீடு வாங்கிய முதல் தமிழர்களில் ஒருவர், எஞ்சினியர், ஐயர் இல்லாத ஊரில் பஞ்சாங்கமும் சடங்கும் அவர் கைக்குப் போயிருந்தன. பாலம் கட்டக் கணக்குப் போடும் மனிதர், துடக்குக் கணக்கை மட்டும் யாரிடமும் நிரூபிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அவர் தொலைபேசியில் சொன்னதை வரதராஜா வந்து ஒப்புவித்தார்.

"கோயில் இல்லாத ஊரிலை கோயிலுக்குப் போகக்கூடாது எண்டால், அதைத்தானே மூண்டு வருசமாச் செய்யிறம்" என்றாள் சிவனேஸ்வரி. "வேலிக்கு அங்காலை போறதிலை ஆருக்கு என்ன?"

"விசர்க்கதை கதையாதையும். நாலு சனம் கேட்டால்?"

அந்த நாலு சனம் உண்மையில் பத்துப் பன்னிரண்டு குடும்பம். ஆனால் அந்நிய நகரத்தில் அந்தப் பன்னிரண்டு குடும்பமும்தான் அவர்களுக்கு முழு உலகம். அவர்கள் வாயை மூடிக்கொண்டால் தொலைபேசியே அடிக்காது.

"அப்ப ஒபிசுக்கு லீவு போடேல்லையோ?"

"ஒபிசுக்கு ஏது துடக்கு?" என்றார் அவர், உண்மையான ஆச்சரியத்தோடு.

திங்கட்கிழமை முதல் சத்தம் தொடங்கியது. ஒலிபெருக்கியில் பெயர்கள், கைதட்டல், மட்டையில் பந்து படும் அந்தக் காய்ந்த ஒலி. சிவனேஸ்வரி வெங்காயம் உரித்தபடி யன்னலில் நின்றாள். மார்கரெட் வேலியருகே வந்து ஏன் வரவில்லை என்று கேட்டபோது, குடும்பத்தில் ஒரு சாவு என்றாள். மார்கரெட் கண்கலங்கி, மிக நெருக்கமானவரா என்று கேட்டாள். இல்லை என்று சொன்னால் எல்லாவற்றையும் விளக்க வேண்டும். ஓம் என்று சொன்னால் பொய். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கிழமை முழுவதும் மூன்றாம் பேஸில் ஆட்கள் வந்தார்கள், நின்றார்கள், மறைந்தார்கள். கெவின் எந்த நாள் எறிந்தான், எப்படி எறிந்தான் என்பது யன்னலுக்கு எட்டவில்லை.

வெள்ளிக்கிழமை வரதராஜா பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அவருடைய கோட்டில் பொரித்த இறைச்சி மணமும் தக்காளிச் சோஸும் இருந்தன. அவர் கணக்கெழுதும் பெயின்ற் கம்பனி ஆல்-ஸ்டார் வாரத்துக்கு ஏதோ உதவி செய்திருந்ததாம். மத்தியானம் மனேஜர் எல்லாரையும் காரில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். எங்கே என்று அவள் கேட்கத் தேவையில்லை. அவர் கை பின்வேலிப் பக்கம் காட்டியது.

"நீங்கள் அங்கை இருந்தனீங்களோ? மச்சுக்கு?"

"மனேஜர் கூப்பிட்டால் ஏலாது எண்டுறதோ? அது வேலை."

அவள் கோபத்தை ஒதுக்கிவைத்தாள். அதைவிட அவசரமாக வேறொன்று இருந்தது. "இடது கையாலை எறியிறவன் வந்தவனோ?"

"ஆரோ எறிஞ்சாங்கள். எல்லாரும் ஒரே தொப்பி. என்ன குளிர் அது."

"ஆர் வெண்டது?"

"தெரியாது. நான் கொஞ்சம் கண்ணயர்ந்திட்டன்" என்று சொல்லிவிட்டு அவர் கால் கழுவப் போனார்.

அன்று சிவனேஸ்வரி சமைத்த பருப்பையும் கீரையையும் அவர் பசியில்லை என்று ஒதுக்கினார். அவள் தனியே இருந்து சாப்பிட்டாள். மைதானத்து வாங்குப் பலகையில் ஒருவர் தூங்கியிருக்கிறார். அதே வாங்கிலிருந்து பார்த்தால் கெவினின் முழங்கை எப்படி வளைகிறது என்பதுகூடத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை துக்கம் விசாரிக்கச் சனம் வந்தது. வேலை நாட்களில் யாருக்கும் நேரமில்லை. ஆகவே துக்கம் ஞாயிறு வரைக்கும் காத்திருந்தது. ஆண்கள் முன்னறைக் கதிரைகளில் இருந்து, செத்தவரைப் பற்றி நாலு வார்த்தையும், பெற்றோல் விலையையும், வீட்டுக்கடனையும் கதைத்தார்கள். பெண்கள் குசினிப் பக்கம் கூடினார்கள். சிவனேஸ்வரி தேத்தண்ணி ஊற்றினாள். முதுகுக்குப் பின்னால் மைதானம் கொதித்துக்கொண்டிருந்தது.

"பிள்ளை, ஒவ்வொரு கிழமையும் இந்தக் கத்தலோ?" என்றார் கோபாலகிருஷ்ணனின் மனைவி பவளம் அன்ரி. "வேறை வீடு பாருங்கோ. மனுசர் இருக்கிற இடமே இது?"

ஒலிபெருக்கி அப்போது கெவினின் பெயரைச் சொன்னது. கடைசி இன்னிங்ஸின் நடுவில் எறிய அவனை இறக்குகிறார்கள். சிவனேஸ்வரி கையிலிருந்த கோப்பையைத் தட்டில் வைத்தாள். அவள் திரும்பி யன்னலைப் பார்த்தாள். மெல்பேர்ன் அணிக்காரன் ஒருவன் மூன்றாம் பேஸில் வந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டிருந்தான். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

படார் என்று கார்க்கொட்டகையின் தகரக் கூரையில் ஏதோ விழுந்தது. முன்னறையில் பேச்சு நின்றது. கோபாலகிருஷ்ணன் அங்கிளின் வேட்டியில் தேத்தண்ணி ஊற்றுப்பட்டது.

சிவனேஸ்வரி கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். புல்லில் கிடந்த பந்தை எடுத்தாள். சேறு பூசிய பந்து; பக்கக்கோட்டுக்கு வெளியே போன அடி, ஓட்டத்தில் சேராது. தையல் விரலில் தட்டுப்பட்டது. எல்லாரும் பின்கதவுக்கு வந்துவிட்டார்கள்.

"எறிஞ்சுபோட்டு வாரும்" என்றார் வரதராஜா.

அவள் வேலிப் பலகையில் கை வைத்தாள்.

"பிள்ளை" என்றார் கோபாலகிருஷ்ணன் அங்கிள், வேட்டியை உதறியபடி. "துடக்கோடை பொது இடத்துக்குப் போகக்கூடாது. உனக்குத் தெரியாததே?"

"வெள்ளிக்கிழமை இவர் இருந்த வாங்கு சும்மாதான் கிடக்கும், அங்கிள். அதிலைதான் போய் இருக்கப்போறன்."

அங்கிள் மெல்லத் திரும்பினார். "நீர் போனனீரோ?"

"அது… ஒபிஸ் விசயம் அங்கிள்" என்றார் வரதராஜா.

பலகை திறந்து மூடிக்கொண்டது.

மார்கரெட் வாங்கில் நகர்ந்து இடம் விட்டாள். ஆல்-ஸ்டார் அணி ஓர் ஓட்டம் முந்தி நின்றது. இன்னும் ஒருவனை, மூன்று அடியும் தவறவைத்து, வெளியேற்றினால் முடிந்தது. மூன்றாம் பேஸில் நின்றவன் உள்ளே வந்துவிட்டால் சமன். கெவின் கால் தூக்கினான். சவுக்கு மாதிரி அந்த இடது கை வந்து இறங்கியது. ஒன்று. அடிப்பவன் மட்டையை மாற்றிப் பிடித்தான். இரண்டு. சிவனேஸ்வரி தன் மடியில் இடது கை தானாக மடங்கி விரிவதைக் கண்டாள். அடக்கவில்லை.

மூன்றாவது எறிக்கு மட்டை வெறுங்காற்றை வெட்டியது. மைதானம் எழுந்து நின்றது, அவளும் நின்றாள், தமிழில் ஏதோ கத்தினாள். சுற்றி நின்ற ஒருவருக்கும் துடக்கு ஒட்டியதாகத் தெரியவில்லை. ஒரு கிழவர் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எல்லாரும் கெவினை நோக்கி ஓடினார்கள். மூன்றாம் பேஸ்காரன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். இவ்வளவு தூரம் ஓடி வந்தும் வீடு சேராதவன். அவனுக்கு நேர் பின்னால், மரங்களின் இடைவெளியில், அவளுடைய குசினி யன்னல் தெரிந்தது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் பவளம் அன்ரியும் இன்னும் இரண்டு பெண்களும் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்று எவ்வளவு தெரியும் என்று சிவனேஸ்வரிக்குத் தெரியும்.

அவள் திரும்பி வந்தபோது கார்கள் போயிருந்தன. கோப்பைகள் கழுவாமல் கிடந்தன. இனிக் கொஞ்சக் காலம் தொலைபேசி அடிக்காது. அந்தியேட்டிக்கும் இன்னும் பல நாள் கிடந்தது. அத்தனை நாளும் இதே நாலு சுவர்தான். வரதராஜா முன்னறையிலிருந்து எழும்பி வந்து குசினி வாசலில் நின்றார்.

"நாளைக்கு மனேஜர் கேட்பார். ஆர் வெண்டது?"

சிவனேஸ்வரி குழாயைத் திறந்தாள். சேறு படிந்த இடது கையைத் தண்ணீரில் நீட்டவில்லை. வலது கையால் முதல் கோப்பையை எடுத்தாள்.

"துடக்கு வீட்டிலை விளையாட்டுக் கதை கூடாது" என்றாள். "அந்தியேட்டி முடியட்டும், சொல்லுறன்."