முருகன் நிமிர்த்திவிட்ட என் இடுப்பு

1998 நவராத்திரி முடிந்த வாரம் அது. குனிந்து வாளியைத் தூக்கியவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். அதன்பின் மூன்றரை வயது மகள் நித்யாவைக்கூடத் தூக்க முடியவில்லை. அவள் கையை நீட்டுவாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நாங்கள் வடக்கே குடியிருந்த கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் ஆளுக்கொரு தைலம் சொன்னார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. டிஸ்பென்சரி டாக்டரம்மா, "எலும்பு நல்லா இருக்கு மகளே. வலி நிஜம்தான். மனசு இறுகினா முதுகும் இறுகும். வீட்ல என்ன டென்ஷன்?" என்று இந்தியில் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

இருந்தது. சொல்ல வெட்கம். குழந்தைக்கு நர்சரி இன்டர்வியூ வரவிருந்தது. வீட்டில் தமிழ் பேசினால் இடம் கிடைக்காது என்று யாரோ சொன்னதை நம்பி, அந்த நவராத்திரி முதல் அவளிடம் நான் தமிழே பேசவில்லை. அவள் பேசினால் அதட்டினேன். செய்வது சரிதானா என்று தினமும் குழம்பினேன். ஆனாலும் நிறுத்தவில்லை.

கார்த்திகையன்று கணவர் எங்களை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போனார். விழுந்து கும்பிட முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'முருகா, என்னால் முடியவில்லை. எனக்கு வழி காட்டு.' வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

பக்கத்தில் நித்யா கைகூப்பி, "காட், மம்மி பேக் பெயின் கோ. ப்ளீஸ். தேங்க் யூ" என்றாள். பிறகு என் புடவையை இழுத்தாள்.

"மம்மி, சாமிக்கு இங்கிலீஷ் வருமா? வராதுன்னா தமிழ்ல சொல்லட்டுமா? திட்ட மாட்டியே?"

குருக்கள் சிரித்துவிட்டார். "அவருக்கு எல்லாம் வரும் கொழந்தே. எனக்குத்தான் வராது. தமிழ்லயே சொல்லு."

"முருகா, அம்மாக்கு வலி போகணும். என்னைத் தூக்கணும்."

அழுதேன், சிரித்தேன். நான் கேட்ட வழியை முருகன் அவள் வாயாலேயே காட்டிவிட்டான். அன்று மாலையே வீட்டுக்குத் தமிழ் திரும்பியது. டாக்டரம்மாவிடமும் போய் உண்மையைச் சொன்னேன். சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து, பஸ் ஸ்டாப்பில் கண்டக்டர் "ஜல்தி, ஜல்தி" என்று விரட்ட, நித்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி ஏறினேன். உட்கார்ந்த பிறகு அவள்தான் சொன்னாள்: "அம்மா, என்னைத் தூக்கிட்டே."

அந்தப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. இன்டர்வியூவில் மயில் படத்தைக் காட்டிக் கேட்டதற்கு "முருகனோட வண்டி" என்றாளாம். வேறு பள்ளியில் சந்தோஷமாகப் படிக்கிறாள்.

உங்களுக்கும் வலி இருந்தால் டாக்டரிடம் போங்கள். அவரிடம் சொல்ல வெட்கப்படுவதை முருகனிடம் சொல்லுங்கள். எந்த மொழியிலும் சொல்லலாம். என் மகள் கேட்டுத் தெரிந்துகொண்டது அது.