மாணிக்கவேலு அண்ணன் தொட்டி மாற்றிய கள்ளி

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டிக்காக நின்றிருந்தபோது கைபேசியில் விஜயா அக்காவின் பெயர் தெரிந்தது. காலை ஏழு மணிக்கு அவர் ஒருநாளும் அழைத்ததில்லை. எடுக்கப் பயந்து, அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். மறுபடி அடித்தபோதுதான் எடுத்தேன். "போயிட்டாரு சிஸ்டர்" என்றார். அவர் கணவர், எங்கள் எக்ஸ்ரே அறை மாணிக்கவேலு அண்ணன், இறந்துவிட்டார்.

விழுப்புரத்தில் எங்கள் சிறிய மருத்துவமனைக்கு வந்துபோன உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பெயர் மறந்திருந்தாலும், எக்ஸ்ரே அறை ஜன்னலில் வரிசையாக நின்ற சின்னச் சின்னத் தொட்டிகள் நினைவிருக்கும். தடித்த இலையும் சதைப்பிடிப்பான தண்டும் கொண்ட செடிகள். சக்குலன்ட் என்று நர்சரிக்காரர்கள் சொல்வார்கள். நர்சரிகள் இருக்கும் பொம்மையார்பாளையம் பக்கம் போகும்போதெல்லாம் ஒன்று வாங்கி வருவார். பயத்தோடு காத்திருக்கிறவர்களுக்குக் கண்ணை வைக்க ஓர் இடம் வேண்டும் என்பார். நர்ஸ்களான நாங்கள் பாசத்தில் தண்ணீர் ஊற்றினால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "காஞ்சி செத்த செடிய நான் பாத்ததில்ல சிஸ்டர். நீங்க ஊத்தி ஊத்தியே கொன்னுடுறீங்க."

ஒரு தை மாதம், பால் வடியும் கள்ளி ஒன்றுக்குத் தொட்டி மாற்ற நானும் உட்கார்ந்தேன். இதற்கு நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அடி ஓட்டையில வேரு எட்டிப் பாக்கும். ஊத்துன தண்ணி எறங்காம மேலயே நிக்கும். அப்ப மாத்திடணும். மழைக்காலத்துல மட்டும் கை வெக்கக் கூடாது, அழுகிடும்" என்றார். நாலு நாள் தண்ணீர் விடாமல் காயப்போட்டிருந்தார். தொட்டியைச் சாய்த்துப் பக்கத்தில் தட்டி, செடியை மண்ணோடு உருவி, பழைய மண்ணை உதிர்த்தார். கறுத்த வேர்களை வெட்டினார். புதுத்தொட்டி பழையதைவிட இரண்டு விரல் அகலம்தான் கூடுதல். செம்மண், மணல், உடைத்த செங்கல் துண்டு கலந்து வைத்திருந்தார்.

பக்கக் கிளை ஒன்று இடைஞ்சலாக இருந்தது. அவர் சொல்வதற்குள் நான் அதைக் கத்தியால் நறுக்கிவிட்டேன். பால் தெறித்து வலது கண்ணில் விழுந்தது.

நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. அவர் என்னை இழுத்துப்போய்க் குழாயடியில் தலையைச் சாய்த்து, இமையை விரலால் பிரித்துப் பிடித்துத் தண்ணீரை ஓடவிட்டார். "மூடாதீங்க. ஒண்ணும் ஆவாது, மூடாதீங்க." இருபது நிமிடமாவது இருக்கும். பிறகு ஆட்டோவில் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனார். இரண்டு நாள் அந்தக் கண்ணில் வெள்ளைப் புகை மட்டுமே தெரிந்தது. ஊசி போடும் என் வேலை போய்விடும், பிள்ளைகள் முகம் பாதிதான் தெரியும் என்றெல்லாம் நினைத்து நடுங்கிக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் சுவர்க்கடிகாரத்தின் முள் தெரிந்தது. பார்க்க வந்த அண்ணன் வாசலிலேயே நின்றார். "ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிக்கினே இருந்தேன். உள்ள எனக்கு ஒதறல்தான்" என்றார்.

போன கார்த்திகையில் அவருக்கு இருமல் நிற்கவில்லை. ஒருநாள் எக்ஸ்ரே மெஷினைச் சரிசெய்து வைத்துவிட்டு, பலகையில் நெஞ்சைச் சேர்த்து நின்றுகொண்டு, "நான் மூச்சப் பிடிச்சதும் அமுக்குங்க சிஸ்டர்" என்றார். அமுக்கினேன். திரையில் படம் வந்தது, நுரையீரலில் வெள்ளையாக ஒரு கட்டி. முப்பது வருடம் அடுத்தவர் நெஞ்சைப் பார்த்த மனிதருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"டாக்டர் பாக்கட்டும்ணே."

"பாக்கட்டும்" என்றார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

புதுச்சேரியில் சிகிச்சை நடந்தது. மாசியில் கண்டமங்கலத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். மருத்துவமனையிலிருந்து அந்தக் கள்ளியை எடுத்து வந்திருந்தார். மறுபடி தொட்டி போதவில்லை. நாம் இப்போதே மாற்றலாம் என்றார். கள்ளியைப் பார்த்ததும் நான் ஓரடி தள்ளி நின்றேன். கையுறையும் கண்ணாடியும் போடவைத்த பிறகுதான் என்னைத் தொடவிட்டார். செடியை நான் பிடித்துக்கொள்ள, மெலிந்துபோன விரல்களால் சுற்றிலும் மண்ணைத் தள்ளி இறுக்கினார். விஜயா அக்கா உள்ளே கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"பயமா இருக்குது சிஸ்டர். எத்தினி பேர்கிட்ட ஒண்ணுமில்ல, பயப்படாதீங்கன்னு சொல்லியிருப்பேன். அது யாருக்கும் கேட்டே இருக்காதுன்னு இப்பதான் தெரியுது."

பயப்படாதீங்க என்ற அந்த வார்த்தைதான் எனக்கும் வாயில் இருந்தது. விழுங்கிவிட்டு, "எனக்கும் பயமாத்தான் இருக்குதுண்ணே" என்றேன். அவர் தலையை ஆட்டினார். மண்ணுக் கையோடு இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு சீராக வந்தது.

அண்ணனின் இறுதிச் சடங்கு முடிந்து பத்து நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். விஜயா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "எங்கிட்ட கடைசி வரைக்கும் தைரியமாத்தான் பேசினாரு. உங்ககிட்ட எதுனா சொன்னாரா? பயந்தாரா?"

இல்லை என்று சொல்வது எங்கள் தொழிலில் பழக்கம். பத்து வருடமாகச் சொல்லியிருக்கிறேன்.

"பயந்தாருக்கா" என்றேன்.

அக்கா வெகுநேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானுந்தான் பயந்துக்கினு இருந்தேன். ரெண்டு பேரும் ஒரே வூட்ல இருந்துக்கினு மறைச்சிருக்கறோம்" என்றார்.

பயந்தவரிடம் பயம் இல்லை என்று சொல்லாமல் பக்கத்தில் உட்காருவது. மாணிக்கவேலு அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது.