பதிமூன்றாவது சேனல்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் இறந்துபோன ஓர் அம்மாவின் முகத்தை அவருடைய மூத்த மகளுக்குக் காட்டுவதற்காக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்தாள். அந்த வீட்டுக்காரர்கள் அவளை ஊருக்கு விடவில்லை. அவர்களுடைய லயத்து வரிசை வீடுகள் இருந்த பள்ளத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது. எதிர்மேட்டுத் தோட்ட ஆபீசில் இன்டர்நெட் இருந்தது. கூரையில் யாரோ எப்போதோ பூட்டிய பழைய வைஃபை அன்டெனாவும் இருந்தது. என்னிடம் இருந்தது வேறு கம்பனியின் புது அன்டெனா. பதுளைக் கடைகளுக்கு இதே வேலையைத்தான் செய்கிறேன். லயத்துக் கூரையில் பூட்டி ஆபீசுப் பக்கம் திருப்பினால் போதும், அரை மணி நேர வேலை என்று சொன்னேன்.

புது அன்டெனாவில் ஆபீசின் நெட்வொர்க் தெரியவே இல்லை. உயர்த்தினேன், திருப்பினேன். "அந்த சவுக்கு மரம் மறைக்குது," என்றேன். இரண்டு பேர் ஏறிக் கிளைகளை வெட்டித் தள்ளினார்கள். அப்போதும் ஒன்றுமில்லை. வாசலில் சவப்பெட்டி திறந்திருந்தது. இளைய மகள் போனைப் பிடித்தபடி என்னையே பார்த்து நின்றாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது.

அடக்க ஜெபத்துக்குப் பசறையிலிருந்து வந்திருந்த பாதர் அந்த அம்மாவின் கணவரிடம் சொன்னார்: "மழை வந்தா அந்தப் பாதையில தூக்கிட்டுப் போக ஏலாதுங்க."

கணவர் ஏணியடிக்கு வந்தார். "கிடைக்குமா தம்பி?"

"இன்னும் பத்து நிமிசம் பொறுங்க ஐயா."

பொறுத்தார். பிறகு, "மூடுங்க," என்றார்.

ஆணி அடிக்கும் சத்தம் கேட்க, செட்டிங்ஸை முதலிலிருந்து படித்தேன். நாடு என்ற இடத்தில் அமெரிக்கா என்று இருந்தது. கடையிலிருந்து வந்தபடியே விட்டிருக்கிறேன். அங்கே வைஃபை அலைவரிசை பதினோராவது சேனலோடு சரி. அதற்கு மேல் அன்டெனா தேடாது. இலங்கை என்று மாற்றினேன். பதிமூன்றாவது சேனலில் ஆபீசின் நெட்வொர்க் வந்து நின்றது. ஒரு நிமிட வேலை.

கூப்பிட்டதும் மூத்த மகள் போன் திரையில் வந்தாள். அதற்குள் பெட்டி தோளில் ஏறிவிட்டது.

"அம்மாவக் காட்டு."

"மூடிட்டாங்கக்கா."

"தொறக்கச் சொல்லு. ஒரு தடவ தொறக்கச் சொல்லு."

தங்கை யாரிடமும் கேட்கவில்லை. போனைத் திருப்பிப் பிடித்தாள். தேயிலைக்கு நடுவே பெட்டி ஏறிப் போவதைத்தான் அக்கா பார்த்தாள். தூறல் விழுந்தது. நான் ஏணியை விட்டு இறங்கவில்லை.

அடக்கம் முடிந்து நனைந்தபடி திரும்பிய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த மலையிலயும் மழையிலயும் நீங்க என்னங்க செய்வீங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க." குடித்தேன். மழையில்லை, நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

பல நாள் கழித்து இளைய மகளுக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொன்னேன்.

"அக்காகிட்ட மழைன்னுதான் சொல்லியிருக்கோம்," என்றாள். "அது அப்படியே இருக்கட்டும் அண்ணே. நீங்க எதுவும் சொல்லிடாதீங்க."