எடுக்கக் கூடாத ரிங்

எங்கள் வீட்டில் ரிங் என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தங்கள் இருந்தன. போன் ஒரு ரிங் அடித்து நின்றால் அம்மா சுகமாக இருக்கிறார். இரண்டு அடித்தால் வரும் வெள்ளிக்கிழமை பேசுவார். மூன்று அடித்தால், இனி என்னால் முடியாது, திரும்பக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று பொருள். அப்பா மறுநாளே ஹட்டன் டவுனுக்குப் போய், அம்மாவை அனுப்பிய ஏஜென்டைப் பிடிக்க வேண்டும். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்து செய்துகொண்ட ஏற்பாடு இது. பேசும் வெள்ளிக்கிழமை தவிர, என்ன ஆனாலும் போனை எடுக்கக் கூடாது. எடுத்தால் அம்மாவின் போன் கார்டில் இருக்கும் காசு கரைந்துவிடும்.

பள்ளியில் ஆங்கில டீச்சர் ரிங் என்றால் என்ன என்று கேட்டபோது, முன் பெஞ்சு மோதிரம் என்றது, பின் பெஞ்சு மணி அடிப்பது என்றது. நான் எழுந்து, "அம்மா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம் டீச்சர்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. வகுப்பில் பாதிப் பேரின் அம்மாமார் வெளிநாட்டில்தான் இருந்தார்கள். டீச்சர், அதுவும் சரிதான் என்று உட்காரச் சொன்னார்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறையான எங்கள் காம்பராவுக்குள் சிக்னல் வராது. வாசல் பக்கத்து ஜன்னல் கம்பியில் மட்டும் இரண்டு கோடு காட்டும். அதனால் அந்தப் பட்டன் போன், மழை படாமல் பொலித்தீன் பையில் சுற்றப்பட்டு அங்கேயே தொங்கும். குவைத்து மேடம் மதியச் சாப்பாட்டை முடித்துத் தூங்கும் நேரம் எங்களுக்கு மாலை ஐந்து மணி. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வரும் அப்பா முகம்கூடக் கழுவாமல் அதன் முன்னால் வந்து நிற்பார். ரிங் எண்ணுவது அவருடைய உத்தியோகம். ஒருநாள் ஒரு ரிங் முழுதாக அடித்து, அடுத்தது பாதியில் நின்றுவிட்டது. அது ஒன்றா இரண்டா என்று அப்பாவும் அவர் தங்கையான என் அத்தையும் சோறு ஆறிப்போகும்வரை சண்டை போட்டார்கள்.

எனக்கு இதிலெல்லாம் ஒரு மனக்குறை. மாதத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளிக்கிழமைப் பேச்சில் அப்பா முதலில், அத்தை அடுத்து. என் முறை வந்து "அம்மா" என்பதற்குள் கட்டாகிவிடும். அம்மா போய் எட்டு மாதத்தில் அவர் குரலை நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை. அத்தையின் மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். பாவம், எனக்குத் தலை சீவி, பேன் பார்த்து, கொழுந்து எடுக்கவும் போனவர் அவர்தான்.

ஒருநாள் நல்ல மழை. அப்பா கோயில் கூட்டத்துக்குப் போகும்போது, எண்ணும் பொறுப்பை அத்தையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அத்தையோ ஊற்றுப் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய் இன்னும் திரும்பவில்லை. போன் அடித்தது. முதல் ரிங் முடிவதற்குள் பையோடு பிடுங்கிப் பச்சைப் பட்டனை அமுக்கினேன்.

"அம்மா, நாந்தான்!"

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, "பாப்பா... அப்பா இல்லையா?"

"கூட்டத்துக்குப் போய்ட்டாங்க. அத்தையும் இல்ல. நான் மட்டுந்தாம்மா."

பிடுங்க ஆள் இல்லாத சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். ஓட்டப் போட்டியில் இரண்டாவதாக வந்தது, பூனை குட்டி போட்டது, அத்தை தினமும் ரொட்டியைக் கருக்குவது. அம்மா "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நடுநடுவே மூக்கை உறிஞ்சினார். சளி, தடிமன் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்க நல்லா இருக்கீங்களாம்மா?"

"நல்லா இருக்கேன் கண்ணு. நீ இன்னும் கொஞ்சம் பேசு."

கார்ட் தீரும்வரை பேசினேன்.

அப்பா வந்ததும் எனக்குப் பூசை, அத்தைக்கும் சேர்த்து. "எத்தன ரிங் அடிக்க இருந்துச்சுன்னு இப்ப யாருக்குப் புள்ள தெரியும்?" என்று தலையில் கை வைத்தார்.

"நல்லா இருக்கேன்னு அம்மாவே சொன்னாங்கப்பா" என்றேன். மறுநாள் ஐந்து மணிக்கு ஒரு ரிங் அடித்து நின்றது. அப்பா மூச்சு விட்டார். நான் அம்மாவோடு தனியாகப் பேசியதை லயம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அம்மா இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்துதான் வந்தார்.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் என் மகள் என் அம்மாவின் போனை எடுத்து யாருக்கோ அழைப்புப் போட்டுவிட்டாள். "ஒன்ன மாதிரியேதான்" என்று சிரித்த அம்மா, அதே சிரிப்போடு அந்த நாளைப் பற்றிச் சொன்னார்.

"அன்னிக்குச் சுடுதண்ணி கொட்டி கையி வெந்து போச்சு. அதுக்கும் ஏச்சு. மூணு ரிங் குடுத்துருவோம்னுதான் போன எடுத்தேன். நீ பேசப் பேச, புள்ள சந்தோஷமாத்தானே இருக்கு, இருந்துட்டே போவோம்னு தோணிருச்சு."

அவர் அதை நன்றியோடுதான் சொன்னார். பத்து வயதில் எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் அம்மாவின் குரல்தான். அன்று அந்தப் போனை எடுக்காமல் விட்டிருந்தால், அடுத்த மாதமே அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பார் என்று அப்போது எனக்குத் தெரியாது.